சக்ஷன் பக்கம் பார்க்காமல் வாங்கிய பம்புகள்: ஒரு டிஸ்டில்லரியின் நிகழ்வு ஆய்வு

சர்க்கரை ஆலையை ஒட்டி, அதன் கழிவுப்பாகான மொலாசஸிலிருந்து ஆல்கஹால் எடுக்கும் ஒரு டிஸ்டில்லரி. பெயர் வேண்டாம். நாளொன்றுக்கு 30 கிலோ லிட்டர் ஆல்கஹால் எடுத்துக்கொண்டிருந்த ஆலையை, பெட்ரோலில் எத்தனால் கலக்கும் தேவை கூடியதும் 60 கிலோ லிட்டராக விரிவாக்கினார்கள். மொலாசஸ் கரைசலைப் புளிக்கவைக்கும் புதிய ஃபெர்மென்டர்கள் வந்தன, புதிய பம்புகள் வந்தன. குழாய்களில் பெரும்பகுதி பழையதே.

விரிவாக்கம் முடிந்த முதல் குளிர்காலத்திலேயே மூன்று புகார்கள். மொலாசஸ் பம்ப் கடகடவென்று சத்தம் போடுகிறது, ஆனால் சரக்கு வரவில்லை. ஃபெர்மென்டரைக் குளிர்விக்கும் சுழற்சி பம்ப் திடீர் திடீரென்று லோடு விடுகிறது, அதாவது திரவத்தைத் தள்ளாமல் சும்மா சுற்றுகிறது. மூன்றாவதாக, வாஷில், அதாவது ஃபெர்மென்டரில் புளிக்கும் கரைசலில், அமிலம் ஏறி ஆல்கஹால் குறைகிறது. நிர்வாகம் மூன்றுக்கும் மூன்று புது பம்புகள் வாங்குவதாக முடிவு செய்து, எந்தக் கம்பெனியுடையதை வாங்கலாம் என்று கேட்பதற்காகவே என்னை அழைத்திருந்தது. கடைசியில் வாங்கியது இரண்டு. அந்த இரண்டும் அவர்கள் எழுதிவைத்திருந்த பட்டியலில் இல்லாதவை.

இதில் வரும் எண்களைக் கணக்குக்கு வசதியாக முழுமைப்படுத்தியிருக்கிறேன்.

மொலாசஸ்

60 கிலோ லிட்டர் ஆல்கஹாலுக்கு நாளைக்கு ஏறத்தாழ 250 டன் மொலாசஸ் வேண்டும். லிட்டருக்கு 1.4 கிலோ எடை என்று வைத்தால் மணிக்கு ஏழரை கன மீட்டர். கொஞ்சம் கையிருப்புத் திறனோடு மணிக்கு 10 கன மீட்டர் தள்ளும் கியர் பம்ப் வாங்கியிருந்தார்கள். முன்பு இருந்தது 5 கன மீட்டர் பம்ப். வகையில் தவறில்லை. பிசுக்குத்தன்மை (அதன் அளவு சென்டிபாய்ஸ்) சில நூறைத் தாண்டினாலே, சுழற்றி வீசித் தள்ளும் சென்ட்ரிஃபியூகல் பம்பின் செயல்திறன் சரிந்துவிடும், மொலாசஸோ ஆயிரக்கணக்கில் நிற்கும் சரக்கு. கியர் பம்ப், லோப் பம்ப், ஸ்க்ரூ பம்ப் என்று அடைத்துத் தள்ளும் ரகம்தான் இதற்கு.

ஷிஃப்ட் ஆபரேட்டர் ஒருவர் சொன்னதுதான் முதல் தடயம்: "காலையில மட்டும்தான் சார் இந்த சத்தம். பத்து மணிக்கு மேல தானா அடங்கிடும். டேங்க் நெறைய இருந்தா அதுவும் வராது."

அவர் சொன்னதற்குள்ளேயே நோயும் இருந்தது, காரணமும் இருந்தது. ஆனால் அதற்கு முன்பே கியரை ஒருமுறை மாற்றிவிட்டார்கள். அப்புறம் சரக்கு போதவில்லை என்று புல்லியை மாற்றி வேகத்தையும் கூட்டியிருந்தார்கள். அதற்குப் பிறகு சத்தம் இன்னும் அதிகமானது.

பம்ப் எதையும் இழுப்பதில்லை. தன் வாயில், அதாவது சக்ஷன் பக்கத்தில், அழுத்தத்தைக் குறைக்கிறது, அவ்வளவுதான். திரவத்தை உள்ளே தள்ளுவது காற்றுமண்டல அழுத்தமும் டேங்கில் நிற்கும் மட்டத்தின் எடையும். காற்றுமண்டலம் தருவது 1.01 பார். பம்புக்கு மேல் 2 மீட்டர் மொலாசஸ் நின்றால் இன்னொரு 0.27 பார். ஆக, செலவழிக்கக் கையில் இருப்பது 1.28 பார். பம்ப் எவ்வளவு பெரியதானாலும் இதற்கு மேல் ஒரு பைசா கிடைக்காது.

இப்போது செலவு. டேங்கிலிருந்து பம்ப் வரை 100 மி.மீ. குழாய், 10 மீட்டர் நீளம். பகல் வெயிலில் மொலாசஸ் 5,000 சென்டிபாய்ஸ் இருக்கும்போது, மணிக்கு 10 கன மீட்டர் ஓட இந்தக் குழாய் 0.57 பார் தின்னும். தாங்கும். மார்கழி விடியற்காலையில் வெப்பம் பத்து டிகிரி இறங்கினால் பிசுக்குத்தன்மை இரண்டு மடங்கு ஆவது சாதாரணம். 10,000 சென்டிபாய்ஸில் அதே குழாய் கேட்பது 1.13 பார். மிச்சம் 0.15. கியர் பற்களுக்கு இடையிலுள்ள பள்ளம் நிரம்ப அது போதாது. பாதி நிரம்பிய பள்ளம் மறுபக்கம் போய் மூடும்போது எழுவதுதான் அந்தக் கடகடச் சத்தம். வேகத்தைக் கூட்டினால் பள்ளம் நிரம்பக் கிடைக்கும் நேரமும் குறைகிறது. அதனால்தான் புல்லியை மாற்றியதும் நிலைமை மோசமானது.

பழைய பம்ப் ஏன் ஓடியது? ஓட்டம் பாதி என்பதால் இதே குளிரில் 0.57 பாரோடு முடிந்துவிட்டது. விரிவாக்கத்தில் பம்பை இரட்டித்தவர்கள் குழாயைத் தொடவில்லை. டேங்க் நிறைந்திருந்தால் ஏன் சத்தம் இல்லை? 8 மீட்டர் மொலாசஸ் 1.1 பார் கூடுதலாகத் தருகிறது. ஆபரேட்டர் சொன்ன இரண்டும் கணக்கில் அப்படியே உட்கார்ந்தன.

ஊகத்தோடு விடாமல் பம்பின் சக்ஷன் ஃபிளாஞ்சில் (குழாய் இணைப்பு), அழுத்தம் காற்றுமண்டலத்துக்குக் கீழே எவ்வளவு இறங்குகிறது என்று காட்டும் ஒரு வேக்கம் கேஜ் பொருத்தினோம். கணக்குப்படி 645 மி.மீ. பாதரசம் காட்ட வேண்டும். பம்ப் முழு ஓட்டம் தராததால் காலை ஆறு மணிக்கு 600-ஐ ஒட்டி நின்றது, வெயில் ஏற ஏற இறங்கியது. பத்து லட்சம் ரூபாய் பம்பின் சக்ஷனில் சில நூறு ரூபாய் கேஜ் ஏன் இருப்பதில்லை என்பது எனக்கு இன்றுவரை புரியாத விஷயம். சரக்கு வெளியேறும் டிஸ்சார்ஜ் பக்கத்தில் மட்டும் எல்லோரும் தவறாமல் போட்டுவிடுகிறார்கள்.

தீர்வு: பம்பை டேங்க் அருகில் நகர்த்தினோம். சக்ஷன் 200 மி.மீ. குழாய், 6 மீட்டர். இப்படி மெதுவாக, சுழிப்பில்லாமல் ஓடும் கனத்த திரவத்தில் அழுத்த இழப்பு குழாய் விட்டத்தின் நான்காம் அடுக்குக்கு நேர்மாறாகப் போகும். விட்டம் இரட்டித்தால் இழப்பு பதினாறில் ஒன்று. நீளமும் குறைந்ததில் 1.13 பார் கேட்ட இடத்தில் இப்போது 0.04 பார். அதோடு பெரிய கொள்ளளவுள்ள கியர் பம்பை, கியர்பாக்ஸ் வழியாக, பழைய வேகத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு ஓட்டினோம். வாங்கிய இரண்டில் இது ஒன்று. உண்மையைச் சொன்னால் குழாயை மட்டும் மாற்றியிருந்தாலே ஓடியிருக்கும். ஆனால் ஏற்கனவே தேய்ந்துபோன பம்பை வைத்துக்கொண்டு அதை நிரூபிக்க யாருக்கும் பொறுமை இல்லை.

இடைக்காலத்தில் அங்கே செய்துகொண்டிருந்த இரண்டு கைவைத்தியங்களையும் குறிப்பிட வேண்டும், ஏனென்றால் மற்ற ஆலைகளிலும் பார்த்திருக்கிறேன். ஒன்று, சக்ஷனில் வெந்நீர் விடுவது. மொலாசஸ் கெடாமல் இருப்பதே அதன் அடர்த்தியால்தான். தண்ணீர் சேர்ந்து நீர்த்த இடத்தில் காட்டு ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் பிடித்துக்கொள்ளும். இன்னொன்று, டேங்குக்குள் நேரடியாக நீராவி விடுவது. இது ஆபத்து. மொலாசஸில் உள்ள சர்க்கரையும் அமினோ சேர்மங்களும் சூட்டில் வினைபுரிந்து தாமே வெப்பத்தை வெளிவிடும். ஒரு கட்டத்துக்கு மேல் அது நிற்காது, டேங்க் முழுக்கக் கருகிக் கரியாகிவிடும். சூடு வேண்டுமென்றால் டேங்கிலிருந்து வெளியேறும் குழாய்க்கு மட்டும் வெந்நீர் ஜாக்கெட், அதுவும் 40-45 டிகிரிக்குள்.

கியர் பம்பில், அழுத்தம் மீறினால் தானே திறக்கும் ரிலீஃப் வால்வு கட்டாயம் என்பது எல்லோருக்கும் தெரியும். இங்கேயும் இருந்தது. சத்தம் அதிலிருந்து வருகிறது என்று யாரோ நினைத்து ஸ்பிரிங்கை இறுக்கி வைத்திருந்தார்கள். டிஸ்சார்ஜ் வால்வை ஒருவர் மறந்து மூடினால் குழாயோ மோட்டாரோ போயிருக்கும்.

குளிர்விக்கும் சுழற்சி

இந்தப் பகுதியை விரிவாகவே சொல்ல வேண்டும். காரணம், இங்கே காகிதத்தில் எல்லாம் சரியாக இருந்தது.

நொதித்தலில் ஒரு கிலோ சர்க்கரை ஏறத்தாழ 590 கிலோஜூல் வெப்பம் விடுகிறது. 60 கிலோ லிட்டர் ஆல்கஹாலுக்கு நாளைக்கு நூறு டன்னுக்கு மேல் சர்க்கரை புளிக்கிறது. சராசரி வெப்பம் 700 கிலோவாட். வாஷை, தகடுகளுக்கிடையே ஓட்டிக் குளிர்விக்கும் பிளேட் ஹீட் எக்ஸ்சேஞ்சர் வழியாக அனுப்பி 3 டிகிரி இறக்கித் திருப்பினால், எல்லா ஃபெர்மென்டருக்கும் சேர்த்து மணிக்கு 200 கன மீட்டருக்கு மேல் சுற்ற வேண்டும். வாஷ் தண்ணீரைவிடச் சற்றே கனம், அவ்வளவுதான். சென்ட்ரிஃபியூகல் பம்ப்தான் இதற்குப் பொருத்தம்.

வாங்கியிருந்தது நிமிடத்துக்கு 2,900 சுற்று வேகப் பம்புகள். அதே வேலைக்கு 1,450 சுற்றுப் பம்பைவிட உருவில் சிறியது, விலையும் குறைவு. கோயம்புத்தூரைச் சுற்றி வளர்ந்த நம் ஊர் பம்ப் அறிவு பெரும்பாலும் கிணற்றுத் தண்ணீரில் பழகியது. அங்கே இந்தத் தேர்வு தப்பில்லை.

நிலைமை இதுதான்: ஃபெர்மென்டருக்குள் முதலில் ஈஸ்ட் கலவை இறங்கும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மொலாசஸ் கரைசல் சேரும். ஆரம்பத்தில் மட்டம் பம்புக்கு மேல் ஒரு மீட்டர்தான். நொதித்தல் அப்போதே சூடு பிடித்திருக்கும். பம்ப் கொஞ்ச நேரம் ஓடும், அப்புறம் அம்மீட்டர் முள் ஆடும், டிஸ்சார்ஜ் அழுத்தம் விழும், மோட்டார் மட்டும் சும்மா சுற்றும். நிறுத்திக் காற்றை வெளியேற்றி மறுபடி ஓட்டுவார்கள். இதற்குள் 33 டிகிரியில் இருக்க வேண்டிய வாஷ் 37-ஐத் தொட்டிருக்கும். அந்தச் சூட்டில் ஈஸ்ட் சோர்ந்துபோகும், சர்க்கரை மிச்சமாகும்.

சப்ளையர் கொடுத்த என்பிஎஸ்ஹெச் கணக்கைப் பார்த்தேன். திரவம் கொதிக்காமல் பம்புக்குள் நுழைய சக்ஷனில் மிஞ்சும் அழுத்தம்தான் அது, மீட்டர் உயரத்தில் சொல்வது. காற்றுமண்டலம் 10.3 மீட்டர், மட்டம் 1 மீட்டர், கழிக்க 33 டிகிரியில் நீரின் ஆவியழுத்தம் 0.5 மீட்டர், குழாய் இழப்பு 0.8 மீட்டர். கிடைப்பது 10 மீட்டர். பம்ப் கேட்பது 3 மீட்டர். மூன்று மடங்கு இருக்கிறது, அப்புறம் என்ன பிரச்சினை என்பது அவர்கள் வாதம்.

அந்தக் கணக்கு தண்ணீருக்குச் சரி. புளிக்கும் வாஷ் தண்ணீர் அல்ல. அதில் கார்பன் டை ஆக்சைடு கரைந்து தளும்பிக்கொண்டிருக்கிறது. 30 டிகிரியில், காற்றுமண்டல அழுத்தத்தில், ஒரு லிட்டர் தண்ணீர் தன் கொள்ளளவில் மூன்றில் இரண்டு பங்கு கார்பன் டை ஆக்சைடைப் பிடித்து வைக்கும். வாஷ் அந்த எல்லையில்தான் எப்போதும் நிற்கிறது, பல நேரம் அதையும் தாண்டி. அழுத்தம் ஒரு பாருக்குக் கீழே கொஞ்சம் இறங்கினாலும் கோலி சோடாவைத் திறந்த கதைதான். நீர் கொதிக்க 0.05 பார் வரை இறங்க வேண்டும். வாயு பிரிய அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை.

ஆகவே கழிக்க வேண்டியது அரை மீட்டர் ஆவியழுத்தம் அல்ல, ஏறக்குறைய முழு காற்றுமண்டலமும். அப்படிப் போட்டால் கையில் நிற்பது மட்டம் 1 மீட்டர், இழப்பு 0.8 போக 0.2 மீட்டர். பம்புக்குள் சுழலும் சக்கரமான இம்பெல்லரின் கண் பகுதியில் அழுத்தம் 2-3 மீட்டர் இறங்குகிறது. வாயு அங்கேயே பிரிந்து கண்ணை அடைக்கிறது. சாதாரண சென்ட்ரிஃபியூகல் பம்புக்கு உள்ளே வரும் கலவையில் ஐந்து சதவீதம் வாயு இருந்தாலே ஹெட் (தள்ளும் உயரம்) விழ ஆரம்பிக்கும், பத்தை நெருங்கினால் தள்ளுவதையே நிறுத்திவிடும். கரைந்த வாயு எல்லாம் ஒரே நொடியில் வெளியேறிவிடாது என்பது உண்மைதான். அதனால்தான் பம்ப் சில சமயம் ஓடுகிறது, சில சமயம் விடுகிறது. ஏற்கனவே குமிழிகள் கலந்து வந்தால் இன்னும் சீக்கிரம் விடும்.

இங்கே வாங்கிய பம்ப் இரண்டாவது: 1,450 சுற்று, அரைத் திறப்பு இம்பெல்லர், கேட்கும் என்பிஎஸ்ஹெச் ஏறக்குறைய பாதி. ஒரு ஃபெர்மென்டரில் மட்டும் வைத்துப் பார்த்தோம். மற்ற ஃபெர்மென்டர்களில் பம்பை மாற்றாமலே செய்த வேலைகள்தான் அதிகம் பலன் தந்தன என்பது என் கணிப்பு. சக்ஷனில் இருந்த ஸ்ட்ரெய்னரை (வடிகட்டி) பிடுங்கி டிஸ்சார்ஜ் பக்கம், எக்ஸ்சேஞ்சருக்கு முன்னால் வைத்தோம். அது காக்க வேண்டியது பிளேட்டுகளைத்தான், அடைத்துக்கொண்டு பட்டினி போட்டது பம்பை. சக்ஷன் குழாயில் நடுவே மேடாகப் போய் இறங்கிய ஒரு வளைவு இருந்தது. வாயு உட்கார அதைவிட நல்ல இடம் கிடையாது, அதை நேராக்கினோம். குழாய் குறுகும் இடத்திலுள்ள ரெட்யூசரைத் தட்டையான பக்கம் மேலே வரும்படி திருப்பிப் போட்டோம். பம்ப் கேசிங்கின் (வெளிக்கூடு) உச்சியிலிருந்து ஃபெர்மென்டரின் மேல்பகுதிக்கு ஒரு சிறு குழாய், பிரியும் வாயு தானாக ஏறிப் போக. கடைசியாக, மட்டம் 2.5 மீட்டர் வரும் வரை சுழற்சியைத் தொடங்குவதில்லை என்று ஷிஃப்ட் உத்தரவு. அதுவரை சேரும் சர்க்கரையும் குறைவு, வெப்பமும் குறைவு.

வாஷில் அமிலம், அல்லது ஈஸ்ட் உடையும் என்ற பயம்

மூன்றாவது புகாருக்கு நிர்வாகம் வைத்திருந்த விளக்கம்: ஈஸ்ட்டை முதலில் வளர்க்கும் ப்ரீ-ஃபெர்மென்டரிலிருந்து அதை மாற்றும் சென்ட்ரிஃபியூகல் பம்ப் செல்களை உடைக்கிறது, அதனால் நொதித்தல் பலவீனமாகிறது, எனவே லோப் பம்ப் வேண்டும். இதைச் சொன்னது யார் என்று கேட்டேன். லோப் பம்ப் விற்பவர்.

ஈஸ்ட் அவ்வளவு மென்மையான உயிர் அல்ல. ஆய்வகத்திலும் ஆலையிலும் வேண்டுமென்றே ஈஸ்ட்டை உடைக்க உயரழுத்த ஹோமோஜினைசரில் 500 பாருக்கு மேல் அழுத்தி நுண்ணிய இடுக்கு வழியாகப் பீய்ச்சுகிறார்கள், அப்போதும் பலமுறை விட வேண்டியிருக்கிறது. 3 பார் தள்ளும் பம்ப் அதை ஒன்றும் செய்துவிடாது. ஈஸ்ட்டைப் பிரித்துத் திருப்பி விடும் ஆலைகளில் அது அதிவேக சென்ட்ரிஃபியூஜ் வழியாகப் போய் உயிரோடுதான் வருகிறது. செல் உடைவது என்ற கவலை பாலூட்டிச் செல்களை வளர்க்கும் மருந்து ஆலையில் நியாயம். இழைப் பூஞ்சைகளிலும் ஓரளவு நியாயம், அங்கே இழை அறுந்தால் வளர்ச்சியின் வடிவமே மாறும். இங்கிலாந்தின் பில்லிங்ஹாமில் குவோர்ன் என்ற பூஞ்சைப் புரதத்தைத் தயாரிப்பது கலக்கியோ பம்போ இல்லாத, காற்றுக் குமிழிகளே திரவத்தைச் சுற்றவைக்கும் ஃபெர்மென்டரில். அதே ஊரில் ஐசிஐ நிறுவனம் மெத்தனாலிலிருந்து கால்நடைத் தீவனப் புரதம் எடுக்கக் கட்டிய 1,500 கன மீட்டர் ஃபெர்மென்டரும் அப்படித்தான். அவ்வளவு பெரிய சுழற்சிக்குப் பம்ப் வைக்காமலே விடுவதும் ஒரு பம்ப் தேர்வுதான். ஆனால் நம் டிஸ்டில்லரிக்கு அந்தப் பாடம் பொருந்தாது.

அமிலம் வந்தது வேறு வழியில். ஈஸ்ட் மாற்ற இரண்டு பம்புகள், ஒன்று ஓட, ஒன்று ஸ்டாண்ட்பை. ஸ்டாண்ட்பை பம்பின் சக்ஷன், டிஸ்சார்ஜ் வால்வுகள் மூடிக் கிடந்தன, உள்ளே பழைய வாஷ். சிஐபி முறையில், அதாவது எதையும் கழற்றாமல் உள்ளேயே காஸ்டிக் சோடா கரைசலை ஓட்டிக் கழுவும்போது, ஓடும் பம்ப் வழியாக மட்டும் காஸ்டிக் போயிற்று. கேசிங்கில் டிரெயின் துளை இருந்தும் திறக்கப்பட்டதில்லை. வெதுவெதுப்பான, சர்க்கரை மிச்சமுள்ள, காற்றில்லாத அந்த இரண்டு லிட்டர் இடம், அமிலம் உண்டாக்கும் லேக்டோபேசிலஸ் பாக்டீரியாவுக்கு நல்ல வீடு. மாதத்தில் ஒருநாள் பம்பை மாற்றி ஓட்டும்போது அந்தக் கும்பல் அப்படியே புது ஈஸ்ட்டோடு சேர்ந்து போகும். ஆய்வகப் பதிவேட்டில் ஆவியாகும் அமிலம் ஏறிய நாட்களையும், மின் பிரிவுப் பதிவேட்டில் பம்ப் மாற்றிய நாட்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது லோப் பம்ப் பேச்சு நின்றது. பம்பின் தண்டைச் சுற்றிய கயிற்று அடைப்பான கிளாண்ட் பேக்கிங்கை எடுத்துவிட்டு மெக்கானிக்கல் சீல், சீலின் பின்பக்கம் மெல்லிய நீரோட்டம், இரண்டு பம்ப் வழியாகவும் முறைவைத்து சிஐபி. பம்ப் எதுவும் வாங்கவில்லை.

சிஐபி பற்றிப் பேசும்போது ஒன்று: கார்பன் டை ஆக்சைடு நிறைந்த ஃபெர்மென்டருக்குள் காஸ்டிக் அடித்தால் அது வாயுவை விழுங்கிவிடும், உள்ளே வெற்றிடம் உண்டாகும். வென்ட் போதாவிட்டால் டேங்க் உள்வாங்கி நசுங்கும். வாயுவை முதலில் காற்றால் வெளியேற்றாமல் சிஐபி பம்ப் ஸ்டார்ட் ஆகக்கூடாது என்று இன்டர்லாக் போடச் சொன்னேன்.

கிருமியே ஆகாத ஆன்டிபயாடிக் ஆலைகளில் விதைக் கலவையை மாற்றப் பெரும்பாலும் பம்பே வைப்பதில்லை. சுத்தம் செய்த காற்றின் அழுத்தத்தில் ஒரு டேங்கிலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளிவிடுவார்கள். சீல் என்ற ஒன்றே இல்லாவிட்டால் அது வழியாக எதுவும் நுழையாது அல்லவா.

மற்றவை

வாஷிலிருந்து ஆல்கஹாலைப் பிரிக்கும் கோபுரமான அனலைசர் காலமின் அடியிலிருந்து வரும் ஸ்பென்ட் வாஷ் (ஆல்கஹால் எடுத்த மிச்சம்) கொதிநிலையிலேயே இருக்கும். காற்றுமண்டலம் அங்கே எந்த உதவியும் செய்யாது, என்பிஎஸ்ஹெச் என்பது மட்டத்தின் உயரம் மட்டுமே. இங்கே அந்தக் கோபுரம் நல்ல உயரத்தில் நின்றதால் பிரச்சினை இல்லை. பிஹெச் நான்கை ஒட்டியது என்பதால் வார்ப்பிரும்பு ஆகாது, 316 ஸ்டெயின்லெஸ்.

ஃபெர்மென்டரின் அடியில் தங்கும் ஈஸ்ட் சேறுக்கு ஸ்க்ரூ பம்ப். பிரெஞ்சுக்காரர் ரெனே முவனோ 1930-ஐ ஒட்டி உருவாக்கிய அமைப்பு அது. ரப்பர் உறைக்குள் உலோகத் திருகு சுழலும், கட்டியும் குழம்புமாக எதைக் கொடுத்தாலும் தள்ளும். காய்ந்து ஓடினால் மட்டும் சில நிமிடங்களில் ரப்பர் எரிந்துபோகும். டேங்க் காலியாவதுதான் இந்த வேலையின் முடிவே என்பதால், காய்ந்து ஓடுவது விபத்து அல்ல, தினசரி நிகழ்ச்சி. ரப்பர் உறையான ஸ்டேட்டரில் வெப்ப உணரி வைத்து மோட்டாரை நிறுத்த ஏற்பாடு ஆயிற்று. ரப்பர் தேர்வில் ஒரு இழுபறி உண்டு: சூடான காஸ்டிக்குக்கு இபிடிஎம் ரப்பர் நல்லது, ஆனால் எண்ணெய்க்கு ஆகாது. நுரை அடக்க விடும் டர்க்கி ரெட் ஆயில் சேறோடு வருகிறது. நைட்ரைல் ரப்பர் போட்டுவிட்டு, அந்த லைனில் காஸ்டிக் சூட்டைக் குறைத்தோம்.

அந்த டர்க்கி ரெட் ஆயிலை விடும் டோசிங் பம்ப் மட்டும் அப்படியே இருக்கிறது. தானியங்கி நுரை உணரி பழுதாகி, நுரை தலைக்கு மேல் வந்த பிறகு ஆபரேட்டர் வாளியோடு ஏறுகிறார். அதற்கான பணம் இந்த ஆண்டு பட்ஜெட்டில் இல்லை என்றார்கள். வாங்காமல் விட்ட லோப் பம்பின் விலையில் பத்தில் ஒரு பங்கு கூட வராது.